உன் மாமாவின் மதிலும் என் திருக்கைக் கருவாடும்

மகன்,

கலியாணக் காட் வந்து சேர்ந்தது. தங்க எழுத்து, நல்ல தடித்த மட்டை. மருமகளின் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். வாய்க்கு இதமாக இருக்கிறது. பிறகு கண் கீழே போனது. அழைப்பவர்கள் என்று போட்ட இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் மாமா பெனடிற்றின் பெயர். என் தம்பியாம், தாய்மாமனாம், சேர்ந்து அழைக்கிறோமாம்! அந்த நேரம் பார்த்துப் வேலிப் படலையடியில் நின்ற அடுத்த வீட்டு லூர்தம்மா என் முகத்தைக் கண்டுவிட்டு, “என்னடியப்பா, ஆரும் செத்திட்டினமோ?” என்று கேட்டாள். “இல்லை, ஒராள் இன்னும் சாகேல்லை” என்றேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் என் தம்பியைப் பற்றிக் கதைக்க அவன் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கும் இதிலேதான் பதில். தொலைபேசியில் நான் சத்தம் போடுவேன், நீ “அம்மா, லைன் சரியில்லை” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இது ஒளித்து எழுதுகிற கடிதமும் இல்லை. மாதர் சங்கத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நீ வாசித்து முடித்ததும் மாமாவிடம் கொடு, ஒரு வரி விடாமல் வாசிக்கட்டும். நீ கேட்டது இதுதான்: கடற்கரையில் நாங்கள் மீன் வெட்டிக் காய வைக்கிற வாடிக்காணியின் உறுதிப் பத்திரத்தை லண்டனுக்கு வருகிற ஆரிடமாவது கொடுத்துவிட வேண்டும். மாமா அதை வாங்கிக்கொள்வார். அந்தக் காசு நீயும் மருமகளும் வாங்கப்போகிற வீட்டுக்கு முற்பணமாகும். நானும் இங்கே தனியாகக் கிடந்து உப்புத் தண்ணீரில் கை வைக்காமல் அங்கே வந்து உங்களோடு இருக்கலாம். நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை, மகன். காணி உன் பெயரில் இருக்கிறது, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. என் கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதில் நீ பங்கு கேட்காதே.

கலியாணம் கட்டுகிற பிள்ளைக்குத் தாய் எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். மருமகள் சமைத்ததில் உப்புக் கூடினால் கூடியது என்று சொல்லு, ஆனால் சாப்பிட்டு முடித்தபிறகு சொல்லு. சண்டை பிடித்தால் அவளுடைய தாய் தகப்பனை இழுக்காதே. உன் அப்பா ஒரே ஒரு தரம் என் தகப்பனை இழுத்தார். பிறகு ஒரு மாதம் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். இவ்வளவும்தான் புத்தி. மீதி எல்லாம் பழி. இந்தக் கடிதத்தில் நான் என்ன பிழை விட்டேன் என்று அழுவேன் என்று எதிர்பார்க்காதே. பாவசங்கீர்த்தனத்துக்குச் சுவாமியார் இருக்கிறார், உனக்கு எதற்கு?

நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். தகரக் கொட்டிலுக்குள் வெக்கை தாங்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாடிக்கு வருவாய். நான் பலகையில் மீன் வெட்ட, அப்பா உப்புத் தொட்டி கழுவ, நீ பக்கத்தில் இருந்து பொருளியலைச் சத்தம் போட்டுப் பாடமாக்குவாய். சென்மதி நிலுவை, வர்த்தக நிலுவை, மூலதனக் கணக்கு என்று நீ அடுக்கியது கோயிலில் பிரார்த்தனை சொல்வது மாதிரி என் காதில் ஏறிவிட்டது. ஒருநாள் மீன் செதில் ஒட்டிய கையோடு நான் கேட்டேன். “மகன், ஒரு நாடு விக்கிறதவிடக் கூட வாங்கினா, மிச்சத்துக்கு என்னத்தைக் குடுக்கும்?” நீ சொன்னாய்: “வெளியில இருந்து காசு வரும் அம்மா. கடனா வரும், இல்லாட்டி ஆராவது வந்து காணி, கொம்பனி எண்டு வாங்குவினம். கூட வாங்கின அளவும் வந்த காசும் சரிக்குச் சரியா நிக்கும்.” “அப்ப காசு வராட்டி?” “வராட்டிக் கூட வாங்கேலாது.” “கூட வித்தா?” “கூட வித்தா அந்த மிச்சக் காசு வெளியில போய் இருக்கும்.” அப்பா தொட்டிக்குள் இருந்து தலையை நீட்டி, “அது சரி, எங்கட மிச்சக் காசு லண்டனில போய் இருக்குது, பேர் பெனடிற்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது பகிடி இல்லை. சண்டைக்கு முதல் எங்கள் வீடு வாங்கியதைவிடக் கூடத்தான் விற்றது. அந்த மிச்சத்தைத் திரட்டித்தான் ஏஜன்சிக்காரனிடம் கொடுத்து என் தம்பியை அனுப்பினேன். கருவாட்டு மணத்தில்தான் அவன் பிளேன் ஏறினான்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய அந்த வருசமே அப்பா கண்ணை மூடிவிட்டார். போக முன்னர் காணியை உன் பெயருக்கு எழுதச் சொன்னார். “எனக்கு எழுதுங்கோவன், நான்தானே அதில நிக்கிறன்” என்று கேட்டேன். “நீ எப்பிடியும் நிப்பாய். அவனுக்குத்தான் இங்க கால் வைக்க ஒரு இடம் வேணும்” என்றார். சரியோ பிழையோ, அவர் சொன்னபடி செய்தேன்.

பிறகு உன் மாமா வந்தான். விமானத்தால் இறங்கி நேரே எங்கள் கொட்டிலுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதான். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன வயதிலிருந்து என்னை “நீ, வா, போ” என்று கதைத்தவன் அன்று “அக்கா, நீங்கள்” என்றான். ஊரெல்லாம் பவுண்ஸ் இறைத்தான். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ், கரண்ட் இன்னும் வராத வீட்டுக்கும்! லூர்தம்மா அதற்குள் உடுப்பு மடித்து வைத்தாள். செல்லடியில் கோபுரம் விழுந்த எங்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, “கோபுரத்தை நானே கட்டித் தாறன்” என்றான். பதிலுக்கு ஒரு சின்ன விசயம் கேட்டான். கோயிலுக்குச் சொந்தமான கடற்கரை வெளி, அதுதான் ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் கருவாடு காய வைக்கிற வெளி, அதை நீண்ட குத்தகைக்குத் தன் பெயரில் எழுதித் தர வேண்டும். ஊர் கூடிச் சம்மதித்தது. பாண்ட் வாத்தியம் என்ன, வெடி என்ன! ஒரு ஆள் மறுத்துக் கதைக்கவில்லை.

ஏன் மறுக்கவில்லை என்று வெளியாள் கேட்டால் எங்களை மூளை கெட்ட விசரர் என்பான். உனக்குத் தெரியும். எங்கள் கரையில் காணி ஆருடையதாக இருந்தாலும் வெயில் எல்லாருடையதும். மீன் காய வைக்க வந்தவளை எந்தக் காணிக்காரரும் எழுப்பியதில்லை. போகும்போது அவர்கள் படலையில் ஒரு பிடி கருவாட்டை வைத்துவிட்டுப் போனால் போதும். அதனால் குத்தகை எழுதினால் நாங்கள் எழும்ப வேண்டும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. “மண்ணைத்தானே எழுதினது, வெயிலையோ எழுதினது?” என்று லூர்தம்மா கேட்டாள். அடுத்த மாதம் மீன் கடகத்தோடு போனால் மதில் எழும்பி நிற்கிறது. தெற்கிலிருந்து கொண்டு வந்த காவல்காரன் கையை விரித்து மறித்து, “அம்மா, உள்ளுக்குப் போக ஏலாது, மாத்தயா ஓடர்” என்கிறான். மாத்தயா என்றது உன் மாமாவைத்தான். பாவம், அவனுக்கும் வெயில்தான். கடகத்தில் இருந்த மீன் அன்று பின்னேரமே புழுத்தது.

கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வழக்கம் தெரியாதா, மகன்? அவனும் என்னோடு சேர்ந்து அந்த வெளியில் காகம் கலைத்தவன். தெரிந்துதான் எழுதினான். எல்லாரும் நம்பி நிற்கிற ஒரு விசயத்தை எழுத்தில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிடுங்கினவனை நான் மன்னிக்கப் போவதில்லை. அதுக்குப் பிறகு பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களைப் பொறுக்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அந்த வரியைத் தாண்டிப்போய் மறுபடி சேர்ந்துகொள்வேன். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது.

எங்கள் வாடிக்குள் அடங்கியது போக மிச்சத்தைப் பெண்டுகள் றோட்டோரத்தில் காய வைத்தார்கள். கருவாடு முழுக்க மண். கொழும்பு முதலாளி திருப்பி அனுப்பினான். திருப்பி அனுப்பினது மண்ணுக்காக மட்டும் இல்லை. “கப்பல்ல வாற வெளிநாட்டுக் கருவாடு உங்கட விலையைவிட மலிவு” என்றானாம். அது எப்படி மலிந்தது என்று உன்னிடம் கேட்டேன், நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். நாட்டுக்குள் டொலர் நிறைய வருகிறது அம்மா, றோட்டுக் கடன், ஹோட்டல் காசு, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புகிற காசு. டொலர் கூடி வந்தால் டொலர் மலிவு. டொலர் மலிந்தால் வெளியில் செய்த சாமான் எல்லாம் மலிவு, இங்கே செய்ததுதான் விலை என்று சொன்னாய். எங்கள் ஆம்பிளைகளும் வள்ளத்தை ஏற்றிப் போட்டுவிட்டு அந்த மதிலுக்குள் எழும்பிய மாமாவின் ஹோட்டலுக்குச் சீமெந்து சுமந்தார்கள், கூலி நல்ல கூலி. கையில் காசு புழங்கியது. அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் என்ன இருக்கிறது வாங்க? ஊரில் செய்ததெல்லாம் நின்றுபோனது. வாங்கினதெல்லாம் வெளியில் செய்தது.

லொறிக்காரர் ரவூப் நானாவை நினைவிருக்கும், புத்தளத்தார். முன்பு வரும்போது உப்பு மூட்டை மட்டும் கொண்டு வருவார், போகும்போது கருவாட்டுச் சாக்கு மேல் மூடி கட்ட முடியாமல் போகும். இப்போது தலைகீழாகிவிட்டது. ஒருநாள் கடையடியில் லொறியை நிற்பாட்டிவிட்டு என்னிடம் நொந்து சொன்னார்: “அக்கா, வரக்குள்ள ரின் மீனும் பிளாஸ்டிக் கதிரையும் நெருக்கி ஏத்திட்டு வாறன். போகக்குள்ள காத்தத்தான் ஏத்திட்டுப் போறன். காத்துக்கு ஆரு கூலி தருவாங்க?” இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற ஊருக்கு ரின்னில் அடைத்த மீன்! நான் அந்த லொறி வெறுமையாகக் குலுங்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வாடியில் இருந்து பாடமாக்கியது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. நிறைந்து வந்து வெறுமையாகப் போகிற லொறிதான் உன் வர்த்தகக் குறை. அந்த வெறுமைக்கு ஈடாக எங்களிடமிருந்து போனது கருவாடு இல்லை, அந்த வெளி.

வெளிக்காசு வந்தாலே பாவம் என்று நான் சொல்லவில்லை, பிழையாக விளங்காதே. திரும்பி வந்த காலத்தில் வெளியூர்ச் சனம் அனுப்பிய காசில் வள்ளமும் எஞ்சினும் வந்தது. அந்தக் காசு மீனாகி, கருவாடாகி, லொறியில் ஏறித் திரும்பப் போனது. மாமாவின் காசு மதிலாகவும் பிரிட்ஜாகவும் நின்றுவிட்டது. நின்றதும் பரவாயில்லை. கோபுரம் மந்திரித்த அன்று அவன் மேடையேறிப் பேசினானே, அதைத்தான் நான் விடமாட்டேன். கோட் சூட், வேர்வை ஒழுகுகிறது, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: “எங்கட சனம் விக்கிறதவிட வாங்கிறது கூட. ரின் மீன் வாங்கித் தின்னுற மீன்பிடிக் கிராமத்தை நான் உலகத்தில வேற எங்கயும் காணேல்லை. இந்தச் சோம்பல் போனாத்தான் முன்னேறுவம்.” சனம் கை தட்டியது! லூர்தம்மாவும் தட்டினாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடிக்குள் வைத்தாள். எப்படிக் கதையைத் திருப்பிப் போட்டான், பார். ஊர் சோம்பிக் கிடந்ததால் குறை வந்ததாம், குறையை நிரப்ப அவன் காசு கொண்டு வந்தானாம். புத்தகத்தில் காசும் குறையும் ஒரே வரியில் நிற்கும், எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று வரி சொல்லாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இடத்துக்கு இடம் மாறும் என்றும் சொன்னாய். எங்கள் இடத்தில் எது முன்னுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும், நான் நின்று பார்த்தவள். முதலில் அவன் காசு வந்தது, அடுத்து மதில் வந்தது, அதுக்குப் பிறகுதான் ரின் மீன் வந்தது.

அன்று மத்தியானம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் விட்டால் ஊர் கதைக்கும். சின்ன வயதில் அவன் சட்டியோடு வழித்துத் தின்ற திருக்கைக் கருவாட்டுக் குழம்புதான் வைத்தேன். வாசலில் ஏறும்போதே கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தான். பிறகு சிரித்துக்கொண்டு, “அக்கா, உங்களில இருந்து அந்த மணம் இன்னும் போகேல்லை” என்றான். பகிடியாகத்தான் சொன்னான். நான் குழம்புச் சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, லூர்தம்மா வீட்டில் ஒரு ரின் மீன் வாங்கி வந்து, உடைத்து, அப்படியே கோப்பையில் கொட்டி அவன் முன்னால் வைத்தேன். அவனுக்கு விளங்கவில்லை, தின்றான். எனக்கு அவ்வளவு பழி போதாது என்று அப்போதே முடிவெடுத்தேன்.

தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று தொடங்கும்போது அவனுடைய ஹோட்டலும் தொடங்கியது. அந்தக் காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர் வருகிறார்களாம், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலையில் ஓட. நல்ல விசயம், ஓடட்டும். எங்கள் வாடிக்காணி ஹோட்டல் மதிலுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. சோளகம் எங்கள் காணியைத் தடவிக்கொண்டுதான் அவன் வாசலுக்குப் போக வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் பக்கக் கடல் பொங்கும், வள்ளம் இறக்க முடியாது. அதனால் வடக்குப் பக்கத்துக் கரைக்குப் போய்த் திருக்கை வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றித் தீவைக் குறுக்கறுத்துக் கொண்டு வந்தோம். வடக்கிலேயே காய வைத்தால் என்ன என்று லாண்ட்மாஸ்டர்காரன் கேட்டான். “காணி இங்கதானே கிடக்குது” என்றேன். ஊர்ப் பெண்டுகள் எல்லாரையும் கூப்பிட்டேன். ஒருத்தியிடமும் ஒரு பிடி கருவாடு கேட்கவில்லை. திருக்கை காயும்போது எப்படி நாறும் என்று லண்டனில் மறந்திருப்பாய். கண்ணில் தண்ணீர் வரும், மூளைக்குள் போய் நிற்கும். பழகிய எங்களுக்கே முதல் நாள் தலையிடித்தது. லூர்தம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, “அடியே, இது கருவாடோ, சாபமோ?” என்று சிரித்தாள். “ரெண்டும்தான், நல்லாப் பரப்பு” என்றேன்.

இரண்டாம் நாள் ஹோட்டலில் மாடி முகப்புக் கதிரைகளை உள்ளே எடுத்தார்கள். பிறகு கண்ணாடி யன்னல்களை மூடினார்கள். பிறகு ஒரு வான் வந்து, நிறையப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. மகன், உன் முதல் நன்மைக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். மாமா லண்டனிலிருந்து ஓடி வந்தான். லேஞ்சியோடு வாடி வாசலில் நின்று, “அக்கா, என்ன வேலை இது? விருந்தாளியள் எல்லாம் போகினம்” என்றான்.

“எங்கட சனம் விக்கிறது காணாது எண்டு நீதானே மேடையில சொன்னனீ. இப்ப விக்கிறம்.”

“திருக்கைதான் வேணுமோ? வேற மீன் இல்லையோ?”

“திருக்கைக்குத்தான் இப்ப விலை.”

“எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்கோ, தாறன்.”

“காசு வேண்டாம் தம்பி. நீ காசு தந்தா ரவூப் நானாவின்ர லொறி வெறுமையாப் போகுது.”

“சொந்தத் தம்பிக்குச் செய்யிற வேலையோ இது?”

“சொந்தத் தம்பி எண்டபடியாத்தான் திருக்கையோட விட்டனான். பிறத்தி எண்டாச் சுறாக்குடல் போட்டிருப்பன்.”

பெண்டுகள் சிரித்த சிரிப்பு கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். அவன் விடவில்லை. யார் யாரையோ பிடித்துச் சுகாதாரக் கந்தோரிலிருந்து ஒரு ஐயாவை அனுப்பி வைத்தான். அவர் உப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், இலையான் மொய்க்கிறதா என்று பார்த்தார். சுத்தமாகத்தான் இருக்கிறது, மீன் காய வைக்கிற காணியில் மீன் காய வைக்கக்கூடாது என்று நான் எப்படிச் சொல்வது என்றார். எழும்பிப் போகும்போது கட்டா மீன் கருவாடு ஒரு பார்சல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். மாத முடிவில் ரவூப் நானாவின் லொறி எங்கள் வாடியடியில் வந்து நின்றது. மூடி கட்டக் கயிறு எட்டவில்லை. பெண்டுகளின் கையில் அவர்கள் உழைத்த காசு வந்தது. லூர்தம்மா கடைக்குப் போய் ரின் மீன் வாங்காமல் திரும்பி வந்து எனக்குக் கையை விரித்துக் காட்டினாள். பழிவாங்குவதென்றால் கத்தி எடுப்பது என்று சனம் நினைக்கிறது. கத்தி நான் தினமும்தான் எடுக்கிறேன், மீன் வெட்ட. அந்த லொறியை நிறைத்து அனுப்புவதுதான் அவனுக்கு வலிக்கும் என்று கண்டுபிடித்தேன், அதைச் செய்கிறேன், இன்னும் செய்வேன்.

இப்போது விளங்குகிறதா, அவன் ஏன் உன்னிடம் வந்தான் என்று? என்னோடு மல்லுக்கட்டித் தோற்றவன், கலியாணப் பரிசு என்று உன் வழியால் வருகிறான். மறுபடியும் அதே வேலை. கோபுரம் தாறன், வெளியைத் தா என்று அன்று ஊரைக் கேட்டான். வீடு தாறன், வாடியைத் தா என்று இன்று உன்னைக் கேட்கிறான். அன்று வந்த பவுண்ஸ் பிரிட்ஜாகவாவது எங்கள் ஊருக்கு வந்தது. இந்த முறை அது இங்கே வரவே வராது, லண்டனில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி உன் வீட்டுச் சுவராக நிற்கும். இங்கே அவன் மதில் மட்டும் கடல் வரை நீளும். கருவாடு விற்ற சனம் கடைசியாகத் தன் மண்ணை விற்றுவிட்டுக் கூலிக்குக் கட்டில் விரிக்கப் போகும். உனக்கு வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் கடன் எடு, உன் சம்பளமும் மருமகளின் சம்பளமும் அதைக் கட்டட்டும். லூர்தம்மாவின் சம்பளத்தை விற்று முற்பணம் கட்டாதே. நீ படிக்கவும் பயணம் போகவும் மாமா உதவினான், அந்த நன்றி உனக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நன்றி சொல்லு, பிள்ளை பிறந்தால் அவன் பெயரை வை, வேண்டுமென்றால். காணியைக் கொடுக்காதே.

கலியாணத்துக்கு நான் வருகிறேன். ரிக்கற் நானே எடுத்துவிட்டேன், திருக்கை விற்ற காசு. கலியாணக் காட்டில் அடித்த பெயரை மாற்ற வேண்டாம், கோயிலில் என்னை முன்வரிசை வாங்கில் இருத்து, மாமாவை எனக்குப் பக்கத்தில் இருத்து. லண்டன் கோயிலில் சமாதானம் சொல்லும்போது கை குலுக்குவார்கள் என்று நீ முன்பு சொன்னாய். நான் கை நீட்டுவேன். புறப்படுகிற அன்று காலமையும் திருக்கை வெட்டிவிட்டுத்தான் வருவேன், அந்த மணம் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பீடத்துக்கு முன்னால், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அந்தக் கையைப் பிடிக்காமல் இருக்க முடியாது. சிரித்துக்கொண்டு நன்றாக இறுக்கிப் பிடிப்பேன். நீ காணியை விற்காமல் விட்டால் கையைக் கழுவிக்கொண்டு கொடுப்பேன் என்று நினைக்காதே. அது வேறு, இது வேறு.

உறுதியை ஆரிடமும் கொடுத்துவிட மாட்டேன். நானே கொண்டு வருகிறேன். திருக்கைக் கருவாட்டோடு ஒரே பையில் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கலியாணத்துக்கு முதல் நாள், மருமகளும் பக்கத்தில் நிற்க, நீதான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். நான் எதிரில் இருந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மூக்கைப் பொத்தினாயென்றால் நான் ஒரு சொல் கதைக்க மாட்டேன், பேனையை என் கையாலேயே எடுத்துத் தருவேன், மாமாவைக் கூப்பிட்டு எழுதிக் கொடுத்துவிடு. மணத்துக்கு உனக்குப் பசி எடுத்தால், அடுப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டு. உறுதியை என் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் புட்டு அவிப்பேன்.

அம்மா